ஒருத்திக்கு மட்டும் நிழல்

தொண்டூரில் சுந்தரமூர்த்திக்குப் பொய் சொல்ல வராது என்று பெயர். அவலூர்பேட்டைச் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போவார். விலை படிந்து கயிறு கைமாறும் நேரத்தில், "கறக்கும்போது ஒதைக்கும், கொஞ்சம் பாத்து ஒக்காரு" என்று வாங்குகிறவனிடம் தாமாகவே சொல்லிவிட்டு, அதே மாட்டோடு வீடு திரும்புவார். பெண்டாட்டி அம்மாக்கண்ணு தலையில் அடித்துக்கொள்வாள். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் வாழ்நாளில் ஒரே ஒரு திருட்டுத்தனம் செய்தார். செய்ததுதான் செய்தார், வேறு இடமா கிடைக்கவில்லை? மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் போய்ச் செய்தார்.

அது ஒன்பது வருஷத்துக்கு முந்திய கதை. அவருக்கு இரட்டைப் பெண்கள். ஷோபனா மூத்தவள், பன்னிரண்டு நிமிஷ வித்தியாசம். சுமலதா இளையவள். ஒரே அச்சு. பள்ளிக்கூட வாத்தியாரே ஒருத்தி செய்த தப்புக்கு இன்னொருத்தியை முட்டிபோட வைத்ததுண்டு. காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் சுமலதா ஷோபனாவை 'அக்கா' என்பாள், மற்ற நேரமெல்லாம் 'டீ' தான். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பேருமே நன்றாகத்தான் மார்க் வாங்கினார்கள். ஆனால் வீட்டில் ஒருத்தி நின்றால்தான் நிலம் நடக்கும். இரண்டு பேரையும் அனுப்ப வழியில்லை. எவளைக் காலேஜுக்கு அனுப்புவது?

"ஆத்தாவையே கேட்டுடலாம்" என்றாள் அம்மாக்கண்ணு.

அந்தப் பக்கத்தில் முடிவு தெரியாத விஷயத்துக்கெல்லாம் பூப்போட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி. வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி அம்மன் முன்னால் போட வேண்டும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் ஷோபனா படிக்கப் போவாள், வெள்ளை வந்தால் சுமலதா. அப்படித்தான் பேசிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பொட்டலம் கட்டுகிற வேலை சுந்தரமூர்த்திக்கு.

கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் பொட்டலத்தில் வெள்ளையை வைத்துக் கட்டினார். இரண்டாவதற்குச் சிவப்பை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஷோபனா இல்லாத வீடு அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. ஒரு செடியைப் பிடுங்கிக் கடலையை நசுக்கிப் பார்த்து, "இன்னும் நாலு நாள் போவட்டும் நைனா" என்று சொல்கிறவள் அவள். மோட்டார் சத்தத்தை வைத்தே கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று சொல்லிவிடுவாள். மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுவந்து, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். சுமலதா மேல் அன்பு இல்லை என்றில்லை. ஆனால் அவருடைய உயிர் ஷோபனாவிடம் இருந்தது. எந்தத் தகப்பனும் இதை வெளியே சொல்லமாட்டான். அவரும் சொல்லவில்லை. சிவப்பைக் கீழே போட்டுவிட்டு, இரண்டாவது பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினார்.

அம்மாக்கண்ணு கண்ணை மூடி, வலது கையால் ஒன்றை எடுத்தாள். வெள்ளை. ஷோபனா ஒரு நிமிஷம் அம்மனையே பார்த்தாள். பிறகு தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, "போடி, போய் ஒழுங்கா படி" என்றாள். மிச்சமிருந்த பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது செஞ்சி ஆற்றுப் பாலத்தில் பஸ் ஜன்னல் வழியாகச் சுந்தரமூர்த்தி அதை எறிந்துவிட்டார்.

சுமலதா பி.காம் படித்தாள், குரூப் ஃபோர் எழுதினாள், விழுப்புரத்தில் சர்க்கார் ஆபீசில் உத்தியோகம் கிடைத்தது. ஷோபனா நிலத்தில் நின்றாள். நடவு, களை, கடலை பிடுங்கல், எல்லாவற்றுக்கும் அவள்தான் முன்னால். செஞ்சி வெயில் தெரியும்தானே! கோட்டை மலைப் பாறையெல்லாம் பகல் முழுக்கக் குடித்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபிறகும் விடாமல் கக்குகிற வெயில். அதில் நாலு வருஷம் உழைத்தாள்.

இருபத்திரண்டாவது வயசில் ஒரு கடலை அறுவடைக்கு அப்புறம் அவள் முகம் சிவந்தது. மூக்கின் மேல் தொடங்கி இரண்டு கன்னத்திலும் பரவிய சிவப்பு. கூடவே காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு வலி. அம்மாக்கண்ணு பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டா!" வாசலில் வேப்பிலை செருகினார்கள். மகளை உள் அறையில் படுக்கவைத்து, ஜன்னலுக்கெல்லாம் புடவை கட்டி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, இளநீரும் மோரும் கொடுத்து, பதினைந்து நாள் வெளியே விடவில்லை. அம்மை பார்த்த வீட்டில் ஊசி மாத்திரை கூடாதென்று ஆஸ்பத்திரிப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

பாழாய்ப்போன விஷயம் என்னவென்றால், சிவப்பு வடிந்துவிட்டது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கூழ் ஊற்றினார்கள். இறங்கினது ஆத்தா இல்லை. பதினைந்து நாள் வெயில் படாமல் இருந்ததால் வடிந்த சிவப்பு அது. அவர்களுக்கு எங்கே தெரியும்? தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புதுப்பாவாடை கட்டி, மறுபடியும் வெயிலுக்கே அனுப்பினார்கள். அடுத்த வருஷமும் வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. "வருஷா வருஷம் என் பொண்ணு மேல ஆத்தா எறங்குறா" என்று அம்மாக்கண்ணு கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னாள். மூன்றாம் வருஷம் சிவப்பு வடிந்தது, கால் வீக்கம் வடியவில்லை. முகம் உப்பி, மூத்திரம் நுரைத்து, மூச்சு வாங்கியபிறகுதான் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய ரத்த அணுக்களே உடம்பை அடிக்கிற நோய். சிறுநீரகம் இரண்டையும் பாதிக்குமேல் தின்றுவிட்டிருந்தது.

இரண்டு வருஷம் மருந்திலேயே ஓட்டினார்கள். இப்போது ஷோபனாவுக்கு இருபத்தேழு. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். பகலில் வெளியே வரக்கூடாது. பொழுது இறங்கினபிறகு ஒரு தடவை கொல்லைப்பக்கம் போய் நிலத்தைப் பார்த்துவிட்டு வருவாள், அவ்வளவுதான். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் பிழைப்பாள். சுந்தரமூர்த்திக்குச் சர்க்கரை, அவரை வேண்டாம் என்றுவிட்டார்கள். அம்மாக்கண்ணுவுக்கு ரத்தவகை சேரவில்லை. சுமலதா லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். "நான் தரன்."

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாஸ்ரீ நாலு பேரையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார். சின்ன வயசுதான், ஆனால் அவசரப்படாத டாக்டர்.

"இவங்க ரெண்டு பேரும் ஒரே கருவுல இருந்து பிரிஞ்சவங்க. அதனால கிட்னி கச்சிதமா பொருந்தும். பயமே அதுதான். ஜீன் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. ஷோபனாவுக்கு வந்தது சுமலதாவுக்கும் வர வாய்ப்பு இருக்கு. நாளைக்கு வந்தா ஒத்தைக் கிட்னியோட என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணே ஒண்ணுன்னா, இவளுக்கு வந்தது அவளுக்கு ஏம்மா வரல?" என்று கேட்டார் சுந்தரமூர்த்தி. சும்மா இருந்திருக்கலாம். கேட்டார்.

"உங்க மோட்டார் கொட்டகையில சுவிட்சு போர்டு இருக்கும் இல்லையா? தொடக்கூடாத சுவிட்சு மேல டேப் ஒட்டி வெப்பீங்கதானே?"

"ஆமாம்மா. யாராவது போட்டுட்டா காயில் எரிஞ்சிடும்."

"உடம்பும் அதத்தான் செய்யுது. சில ஜீன் வேலை செய்யக்கூடாதுன்னு சின்னச் சின்னக் குறி ஒட்டி மூடி வெச்சிருக்கும். எபிஜெனெடிக்ஸ்னு சொல்லுவோம். பொறக்கும்போது ரெண்டு பேர் போர்டும் ஒரே மாதிரிதான். வளர வளர அவங்கவங்க வாழ்க்கை அந்தக் குறியை மாத்துது. லூபஸ் வந்தவங்களுக்கு அது அங்கங்க உரிஞ்சு போயிடுது. மூடியிருக்க வேண்டிய சுவிட்செல்லாம் தானா போட்டுக்குது."

"உரிக்கிறது எதும்மா?"

"நிறைய இருக்குப்பா. கடும் வெயில், புகை, சில காய்ச்சல், சில மருந்து, மன உளைச்சல். பெண்ணாப் பொறந்ததே ஒரு காரணம். இவங்களுக்கு இதுதான்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது."

டாக்டர் இத்தனை சொன்னார். சுந்தரமூர்த்தி காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது. வெயில்.

ஷோபனா முக்காட்டை விலக்கிக்கொண்டு கேட்டாள். "நான் காலேஜுக்குப் போயிருந்தா வந்திருக்காதா மேடம்?"

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "வராம இருந்திருக்கலாம். ரொம்ப வருஷம் தள்ளிப் போயிருக்கலாம். போயிருந்தும் வந்திருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா."

"செரி. ஆத்தா குடுத்தது. அவளுக்குத் தெரியாததா" என்று சொல்லிச் சிரித்தாள் ஷோபனா. அந்தச் சிரிப்பைப் பார்க்கமுடியாமல் சுந்தரமூர்த்தி தரையைப் பார்த்தார்.

சுமலதாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். சொந்த உடம்பை எதிர்க்கிற அணு ஏதாவது அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முடிவு தெரியப் பத்து நாள் ஆகும், அதுவரை எதுவும் பேசவேண்டாம் என்றார் டாக்டர்.

பேசாமல் இருக்கிற வீடா அது? வந்து சேர்ந்து, கைகால் கழுவி, சோறு தின்றவுடன் ஆரம்பித்துவிட்டது. ஜன்னலில் கட்டிய புடவைகளுக்குள் வெளிச்சம் மங்கலாக வந்துகொண்டிருந்தது. ஷோபனா பாயில் சாய்ந்திருந்தாள்.

"எனக்கு வாணாம்டி. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா?" என்றாள்.

"அன்னைக்கு அம்மா கையில செவப்பு வந்திருந்தா, இந்தப் பாயில நான் படுத்துக்கினு இருந்திருப்பன்" என்றாள் சுமலதா. "நீ ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து பைல் பாத்துக்கினு இருந்திருப்ப. ஒன்பது வருஷமா நான் அனுபவிச்ச நெழலு ஒன்னுதுடி. ஆத்தா ஒன்ன வெயில்ல நிறுத்திட்டு என்ன உள்ள அனுப்பிட்டா. அதுக்கு நான் ஒரு கிட்னி தரக்கூடாதா? எனக்கு ஒடம்புக்கு வந்தா வரட்டும். ஒன்ன இப்படிப் பாத்துக்கினு இருக்கறதுக்கு அது தேவல."

அம்மாக்கண்ணு எழுந்து சுவர் ஓரம் போனாள். "இந்தக் கைதான். இந்தக் கைதான எடுத்துச்சு! அவிஞ்சு போவக்கூடாதா இது!" என்று வலது கையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தாள். இது புதிதில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கையைத் திட்டாமல் அவள் பொழுது போனதில்லை. சுந்தரமூர்த்தி இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்தான். அன்றைக்குக் கண்ணாடி வளையல் உடைந்து ரத்தம் வந்தது.

அவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பெண்டாட்டி தன் கையை உடைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தார். இல்லாத ஒரு கடனுக்காகச் சின்னவள் உடம்பை அறுத்துக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தார். இரண்டும் நல்ல நினைப்புதான். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும் என்றால், தன் நெஞ்சில் கிடந்த பாரத்தை எங்கேயாவது இறக்கிவைத்தால் போதும் என்றும் இருந்தது அவருக்கு. இறக்கி வைத்தார். யார் தலையில் வைக்கிறோம் என்று பார்க்கவில்லை.

"கையை விடு அம்மாக்கண்ணு. நீ எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும்."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சன். நான்தான் வெச்சன். ஆத்தா ஒண்ணும் சொல்லல."

அம்மாக்கண்ணு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கையிலிருந்து ரத்தம் முந்தானையில் சொட்டியது. சுமலதா அதைத் துணியால் பிடித்தபடி அப்பனை முறைத்தாள். பேசினது ஷோபனாதான்.

"ஏன் நைனா?"

"ஒன்ன வுட்டுட்டு இருக்க முடியலம்மா."

பாயிலிருந்து அவள் எழுந்து உட்காரவே நேரமாயிற்று. மூச்சு வாங்கியது. அவள் கத்தியிருந்தால், காறித் துப்பியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

"கேட்டிருக்கலாமே நைனா" என்றாள். "இருந்துடும்மான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே இருந்திருப்பன். வெயிலோ மழையோ, நெலத்த வுட்டு நான் எங்க போவப்போறன்? ஆத்தாவ ஏன் நடுவுல இழுத்த? வலி தாங்காதப்போ, ஆத்தா குடுத்தது, அவளே பாத்துப்பான்னு பல்லக் கடிச்சிக்குவன். அந்தத் தடி ஊசி கையில எறங்கறப்போல்லாம் அவ பேரத்தான் சொல்லுவன். இனிமே நான் யார் பேரச் சொல்றது?"

 அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சுமலதா மட்டும் தெருவாசல்வரை அவர் பின்னாலேயே வந்தாள். "கடனில்லன்னு தெரிஞ்சா தரமாட்டன்னு நெனச்சியா நைனா? கடனுக்கா நான் தரன்னு சொன்னன்? அவ என் அக்கா" என்றாள். காரியம் எதுவும் இல்லாமல் அவள் அக்கா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னதால் எதைத் தடுத்தார் சுந்தரமூர்த்தி? ஒன்றையும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஷோபனா அவரிடம் பேசவில்லை. கோபமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. சோறு கொண்டுபோனால் சாப்பிட்டாள். மாத்திரை கொடுத்தால் முழுங்கினாள். பேச்சு மட்டும் இல்லை. கட்டுப்போட்ட கையோடு அம்மாக்கண்ணுவே அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, வாசல் என்று பார்க்காமல் உட்கார்ந்து அழுதாள். "முன்னல்லாம் ஊசி போடறப்போ வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்துக்கினு இருப்பாய்யா. இன்னைக்கு வாயே தெறக்கல. கண்ண இறுக்கி மூடிக்கினு அய்யோ அய்யோன்னு பல்லக் கடிக்கறா. நர்சம்மாவே கேக்குது, இன்னா ஆச்சு ஒங்க பொண்ணுக்குன்னு."

சுந்தரமூர்த்தி கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுதார். இரண்டு நாள் மேல்மலையனூருக்குப் போகலாமா என்று நினைத்தார். எந்த முகத்தோடு போவது என்று விட்டுவிட்டார். சாயங்காலம் ஷோபனா கொல்லைப்பக்கம் வரும் நேரத்துக்கு வரப்பில் போய் நிற்பார். கடலை பூ விட்டிருந்தது. ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டி, "எப்படிம்மா இருக்குது?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார். அவள் செடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மெதுவாக வீட்டுக்கு நடந்தாள்.

பதினோராம் நாள் நாலு பேரும் புதுச்சேரிக்குப் போனார்கள். டாக்டர் வித்யாஸ்ரீ காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சுமலதாவோட ரத்தத்துலயும் இருக்கு. நோய் இன்னும் வரல, தூங்கிட்டு இருக்கு. நிழல்லயே இருந்ததால இத்தனை நாள் தூங்குச்சோ, இல்ல வேற காரணமோ, சொல்லத் தெரியல. ஆனா இவங்ககிட்ட இருந்து கிட்னி எடுக்க முடியாது. எடுக்கக் கூடாது. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். வெயிலே படக்கூடாது."

அம்மாக்கண்ணுவுக்கு முதலில் புரியவில்லை. சுமலதாதான் தாயின் காதில் மெதுவாகச் சொன்னாள், யாருக்கோ வந்த நோயைச் சொல்வதுபோல.

சுந்தரமூர்த்தி கணக்குப் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லாம் கண்முன்னால் கிடந்தது. பத்து நாள். பத்தே பத்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இந்தக் காகிதமே சின்னவளைத் தடுத்திருக்கும். பெரியவளுக்குக் கிட்னியும் இல்லை என்று ஆனபிறகு, பிடித்துக்கொள்ள அவளுடைய ஆத்தாவாவது இருந்திருப்பாள். ஒன்பது வருஷம் பொய்யை வைத்துக் காத்த மனுஷன், உண்மையைப் பத்து நாள் காக்கத் தெரியாமல் போனார்.

ஷோபனா நாற்காலியை விட்டு எழுந்தாள். வீங்கின காலை இழுத்து இழுத்து வந்து தங்கச்சி முன்னால் நின்றாள். நோய் என்று தெரிந்த அன்றும் அழாதவள். இரண்டு கிட்னியும் போயிற்று என்றபோதும் அழாதவள். சுமலதாவின் கன்னம் இரண்டையும் கையில் ஏந்தி, மூக்கின் மேலும் கன்னத்தின் மேலும் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கேயாவது சிவப்பு இருக்கிறதா என்று தேடினாள். பிறகு வாய்விட்டு, அடுத்த அறைக்குக் கேட்கிறமாதிரி அழுதாள். "எனக்கு வந்ததோட போவட்டும்னுதானேடி இருந்தன்" என்று அழுதாள். சுமலதா அவளைத் தாங்கிக்கொண்டாள். டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

சுந்தரமூர்த்தி சுவர் ஓரமாக நின்றிருந்தார். கிட்டே போக உரிமை இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. அழுகை ஓய்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஷோபனா அவர் பக்கம் திரும்பினாள்.

"இவளையாவது நெழல்ல வெய்யி நைனா" என்றாள்.

பத்து நாளாக அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா, திட்டாகவாவது வராதா என்று தவித்தவர் அவர். வந்துவிட்டது. தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அம்மாக்கண்ணு வந்து தோளைப் பிடித்து உட்காரவைக்கும்வரை அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.